பாட்டுக்கு உதடு கிடையாது

எங்கள் தெருவில் மின்வெட்டைத் திட்டாத ஒரே ஆள் நான்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. தினமும் மணிக்கணக்காகக் கரண்டை நிறுத்திக்கொண்டிருந்த அந்த வருடங்களில், ஜலகண்டாபுரத்தில் தறி ஓட்டும் அத்தனை பேரும் வாசலில் வந்து உட்கார்ந்து, முந்தானையாலும் அட்டையாலும் விசிறிக்கொண்டு அரசாங்கத்துக்குச் சாபம் விட்டார்கள். நானும் என் கணவரும் வீட்டோடு ஒட்டிய பட்டறையில் நான்கு விசைத்தறி ஓட்டுகிறவர்கள்தான். எங்களுக்கும் வேலை கெட்டது. ஆனாலும் கரண்ட் போகிற நேரத்துக்காக நான் காலையிலிருந்தே காத்திருப்பேன். நான்கு தறியும் நின்று, காதுக்குள் ‘கொய்ங்’ என்ற சத்தம் மட்டும் மிஞ்சியதும், தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு அலமாரி மேலிருந்து டேப்ரெக்கார்டரை இறக்குவேன். அது பேட்டரியில் ஓடுவது. பேட்டரி தீர்ந்தால் மொட்டை மாடி வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு பாட்டு கறந்துவிடுவேன்.

நான் கேட்டது சினிமாப் பாட்டு இல்லை, சாமிப் பாட்டும் இல்லை. வெள்ளைக்காரர்கள் கிடாரும் டிரம்ஸும் ஆர்கனும் வைத்துக்கொண்டு, ஒரே பாட்டை இருபது நிமிடம், இருபத்தைந்து நிமிடம் என்று வாசித்துத் தள்ளும் பழைய ராக் இசை. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து, பகுதி பகுதியாகக் கட்டி எழுப்புவது. இன்னொன்று, மேடை ஏறிய பிறகு எங்கே போகப்போகிறோம் என்று அவர்களுக்கே தெரியாமல், ஒருவர் வாசிப்பதை ஒருவர் கேட்டுக் கேட்டு வாசித்துக்கொண்டே போவது. முதல் வகைக்கு புரோக்ரெசிவ் என்றும் இரண்டாவதற்கு ஜாம் என்றும் பெயர் இருப்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. பெயர் தெரியாமலேயே இரண்டின் மேலும் உயிரை வைத்திருந்தேன்.

இவை என் கைக்கு வந்த கதை சின்னதுதான். என் அண்ணன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டியோடு ஆப்பிரிக்காவுக்குப் போய் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தார். வரும்போது ஒரு பிஸ்கட் பெட்டி நிறைய கேசட் கொண்டுவந்தார். முகாமில் கூட இருந்த இன்ஜினியர் ஊருக்குக் கிளம்பும்போது விட்டுவிட்டுப் போனவை. “கேசட்டு எல்லாம் தரமானது அம்மணி. கடையில குடுத்து இதும்மேல நம்ம பாட்டாப் பதிஞ்சுக்க” என்றார். அப்போது எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். பழைய கேசட்டைப் பதிவுக் கடையில் கொடுத்து, மேலே வேறு பாட்டு ஏற்றிக்கொள்வார்கள். மகள் அப்போது தொட்டிலில் கிடந்தாள். அழிப்பதற்கு முன்னால் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போமே என்று ஒன்றைப் போட்டேன். அதோடு கேசட் கடைக்குப் போகிற பேச்சே எழவில்லை.

ஆனால் ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போனேன். அந்தக் கேசட்டில் ஒவ்வொரு சுற்றிலும் எட்டுக்கு ஓர் அடி குறைவாகவே வந்தது. தறிக்காரிக்கு அது பொறுக்காது. எங்கள் உடம்பிலேயே அடி சீராக விழுந்துகொண்டிருக்கும். ஊடைநூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா இந்தப் பக்கம் ஓர் அடி, அந்தப் பக்கம் ஓர் அடி. ஒன்று தவறினால் இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம், கை தானாகத் தறியை நிறுத்தப் போய்விடும். டேப்ரெக்கார்டர் கெட்டுவிட்டது, ஓர் அடியை விழுங்குகிறது என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார், பெல்ட்டை மாற்றினார். மறுபடியும் அடி குறைந்தது. “கேசட்டுலதாங்க கோளாறு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து விரல் விட்டு எண்ணினேன். ஏழு. திரும்ப எண்ணினேன். ஏழு. டிரம்ஸ் அடிக்கிறவன் வேண்டுமென்றேதான் எட்டாவது அடியை விட்டுவிட்டுப் போகிறான். அன்றைக்கு எனக்கு வந்த சிரிப்பை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். ஊர் உலகமே எட்டில் நடக்கும்போது ஒருத்தன் ஏழில் நடந்துகொண்டிருந்தான், அதுவும் துளித் தடுமாற்றமில்லாமல். இப்படியும் இருக்கலாம் என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

பக்கத்து வீடுகளில் இதைப் ‘பேய்ப் பாட்டு’ என்றார்கள். என் கணவர் “உன்ற மாடு கத்த ஆரம்பிச்சிருச்சு” என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, “உனக்கு இதெல்லாம் புரியுதா?” என்பது. நான் பத்தாவது வரை படித்தவள். இங்கிலீஷில் பாடினால் பாதிகூடப் புரியாது. ஆனால் அந்தப் பாட்டுகளில் பாடுவது கொஞ்சம், வாசிப்பதுதான் அதிகம். கல்யாணத்தில் நாதஸ்வரம் என்ன பேசுகிறது என்று உங்களுக்குப் புரிந்தா தலையாட்டுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். எதிர்வீட்டுக்காரர் புறா வளர்க்கிறார். மாடி முழுக்கப் புறா. புறா பேசுவது புரிகிறதா என்று அவரிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அவர் ஆண்பிள்ளை, அவருக்கு இருப்பது பொழுதுபோக்கு. எனக்கு இருந்தால் அது கிறுக்கு. கிறுக்காகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைப்பேன்.

பெட்டியில் ஒரு கேசட் மட்டும் வேறு மாதிரி. கம்பெனி அட்டை கிடையாது, பேனாவால் எழுதியிருந்தது. கச்சேரி நடக்கும்போது கூட்டத்தில் ஒருத்தர் மடியில் வைத்துப் பதிந்தது போலிருக்கிறது. இருமல் கேட்கும், விசில் கேட்கும். அதன் இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு. இரண்டு பேர் டிரம்ஸ் அடிக்கிறார்கள். ஒரு கிடார் அவசரமே இல்லாமல் ஒவ்வொரு படியாக ஏறுகிறது. கீழே இன்னொரு கிடார் தாங்கிப் பிடித்துக்கொண்டு கூடவே வருகிறது. பதினைந்து நிமிடம் இப்படி ஏறி ஏறி, இதோ உச்சிக்கு வந்துவிட்டது என்று நான் மூச்சைப் பிடிக்கிற இடத்தில் ‘டக்’. கேசட் தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் இல்லை. எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் ‘டக்’. எனக்கு அழுகையே வரும்.

பிறகு அந்தப் பாட்டை நானே முடிக்க ஆரம்பித்தேன். தறி ஓடிக்கொண்டிருக்கும்போது, நாடாவில் நூல் தீர்ந்த தாரை மாற்றிக்கொண்டே, மனதுக்குள் கிடாரை உச்சிக்கு ஏற்றுவேன். ஒரு நாள் இரண்டு டிரம்ஸும் வெடித்துப் பாட்டு முடியும். இன்னொரு நாள் கூட்டமே சேர்ந்து பாடும். பதினேழு பதினெட்டு வருடத்தில் அந்தப் பாட்டுக்கு நான் எத்தனை முடிவு கட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. உண்மையான முடிவை ஒரே ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்பது மட்டும் மனதில் அப்படியே நின்றது. நகை ஆசை, புடவை ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அவற்றையெல்லாம்விட இது பெரிதாக இருந்தது.

மகள் கோயம்புத்தூரில் கல்லூரியில் படித்தபோது, லீவுக்கு வந்தவள், கேசட் மேல் பேனாவால் எழுதியிருந்ததைப் பார்த்துப் போனில் தட்டினாள். அந்தக் கச்சேரி முழுசாக வந்து நின்றது. யாரோ ஒரு புண்ணியவான் ஏற்றி வைத்திருக்கிறார். கேசட் நின்ற இடத்துக்குப் பிறகு இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. போனை வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

கேட்கவில்லை. ஏதோ முனகல் மட்டும் வந்தது. சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்தேன். இரைச்சலாக வந்தது. ஏறுகிற வரைக்கும் ஓரளவு பிடிபட்டது, அது நான் மனப்பாடமாக வைத்திருந்த பகுதி. தெரியாத அந்தப் பதினொரு நிமிடம் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுகிற மாதிரி போய்விட்டது. போன் சரியில்லை என்று நினைத்தேன். மகளிடம் கொடுத்தேன். “நல்லாத்தானம்மா கேக்குது” என்றாள். என் காதுதான் போய்விட்டது என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

அதுவரை எப்படித் தெரியாமல் இருந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். தறிப் பட்டறையில் வாய்ச் சத்தத்துக்கு வேலையே கிடையாது. நான்கு தறி ஓடும்போது கத்தினாலும் கேட்காது. அதனால் சத்தமே போடாமல் உதட்டை மட்டும் அசைப்போம், மற்றவர் பார்த்துப் புரிந்துகொள்வார். நானும் என் கணவரும் சண்டை போட்டதுகூட அப்படித்தான். வீட்டுக்கு வந்த பிறகும் எதிராளியின் வாயைப் பார்த்தே பேசிப் பழகிவிட்டதால், காது எப்போது வேலையை விட்டது, கண் எப்போது அந்த வேலையை எடுத்துக்கொண்டது என்று கவனிக்கவே இல்லை.

மகளுக்குக் கல்யாணமாகி, கோயம்புத்தூரிலேயே குடித்தனம் வைத்து, பெண் குழந்தையும் பிறந்தது. குழந்தை பேச ஆரம்பித்ததும் மகள் போனில் கூப்பிடுவாள். சமையல் செய்துகொண்டே, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசுவாள். எனக்கு ஒன்றும் விளங்காது. சும்மா “ஆமா சாமி, ஆமா சாமி” என்பேன். ஒரு நாள் அவள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொன்னதற்கும் “ஆமா சாமி, ரொம்ப சந்தோசம்” என்று சொல்லி வைத்தேன். அடுத்த வாரமே வந்து என்னைச் சேலத்துக்கு இழுத்துப்போனாள். கணவரும் கூடவே வந்தார்.

காது பரிசோதிக்கிற பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். என்னைச் சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்தாள். நான் சொல்கிற வார்த்தையைத் திருப்பிச் சொல்லுங்கள் என்றாள். வீடு என்றாள், வீடு என்றேன். பழம், பழம். கதவு, கதவு. ஒன்றுகூட விடவில்லை. அவள் புருவத்தைச் சுருக்கினாள். சத்தத்தைக் குறைத்திருப்பாள் போல. பாம்பு, பாம்பு. குறைத்துக்கொண்டே போனாள், நான் சொல்லிக்கொண்டே போனேன். எனக்கு ஒரே பெருமை. பிறகு அவளுக்கு ஏதோ உறைத்தது. பக்கத்திலிருந்த ஃபைலை எடுத்து வாயை மறைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். ஃபைல் அசைந்ததே தவிர எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வெளியே நின்ற என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் ஏமாற்றவில்லை. அதுதான் கேட்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு காதுக்கும் மிஷின் மாட்டினார்கள். வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் என் முதுகுக்குப் பின்னால் ஊர் பேர் சொல்லிக் கத்துவது கேட்டது. மகள் பக்கவாட்டில் நின்று சொன்னது கேட்டது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனசு முழுக்க வீட்டுக்குப் போய்ச் சேருவதிலேயே இருந்தது. பதினொரு நிமிடம் காத்துக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பாட்டைப் போட்டேன். ஆர்கன் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தியதும், மிஷின் அதைக் கழுத்தை நெரித்தது. சத்தம் நடுங்கி நடுங்கித் தேய்ந்து காணாமல் போனது. கிடார் நீளமாக இழுக்கும்போதெல்லாம் இதே கதி. டிரம்ஸ் தகர டப்பாவாகிவிட்டது. ஆனால் கூட்டத்தில் எவனோ ஒருத்தன் இருமியது, என்ன சொல்வது, கணீர் என்று கேட்டது. ஆத்திரத்தில் மிஷினைக் கழற்றிக் கட்டில் மேல் எறிந்தேன்.

மறுநாளே சேலத்துக்குக் கிளம்பினேன். தனியாகப் போகிறேன் என்றேன், விடவில்லை. மூன்று பேரும் போனோம். அந்தப் பெண் கேட்டுவிட்டுப் பொறுமையாக விளக்கினாள். “அம்மா, இது பேச்சு கேக்கறதுக்குத்தான் செட் பண்ணியிருக்கு. பேச்சு விட்டு விட்டு வரும். ஒரே மாதிரி நீளமா வர்ற சத்தத்தை இரைச்சல்னு நினைச்சு மிஷினே அமுக்கிடும்.”

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. இத்தனை வருடம் தெரு சொன்னது, கணவர் சொன்னது, இப்போது காதுக்குள் உட்கார்ந்துகொண்டு மிஷினும் அதையே சொல்கிறது. “அது இரைச்சல் இல்லீங்க, பாட்டு” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருப்பேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பாட்டுக்குத் தனி செட்டிங் இருக்கிறது என்றாள். ஆனால் அதில் பேச்சு தெளிவாக இருக்காது. மிஷினை மாட்டியதும் முதலில் பேச்சு வரும், பட்டனை அழுத்தினால் பாட்டு வரும், அப்படி வைத்துத் தருகிறேன் என்றாள். நியாயமான பேச்சுதான். நான்தான் ஒப்புக்கொள்ளவில்லை. மாட்டியதும் பாட்டு வரட்டும், பேச்சு வேண்டுமானால் நான் பட்டன் அழுத்திக்கொள்கிறேன் என்றேன். அப்படி யாரும் கேட்டதில்லை என்றாள். “இப்ப நாங் கேக்கறனுங்களே” என்றேன்.

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. “உம் பேத்தி அம்மாயின்னு கூப்புடறது காதுல உழுவ வேண்டாமா? அந்த டங்கு டங்குதான் உனக்கு முக்கியமா?” என்றாள்.

அது சுருக்கென்று தைத்தது. பெற்ற பெண் இப்படிக் கேட்டால் எந்தத் தாய்க்கும் தைக்கும். அந்த நிமிடம் நான் விட்டுக்கொடுத்திருந்தால் எல்லாரும் என்னை நல்லவள் என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் இந்தக் காதை நான் எதற்கெல்லாம் கொடுத்தேன் என்று யோசித்தேன். தறிக்குக் கொடுத்தேன், குடும்பத்துக்குக் கொடுத்தேன், அவள் படிப்புக்குக் கொடுத்தேன். மிச்சம் இருக்கிற கொஞ்சத்தையாவது எனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாதா?

“உனக்கு உதடு இருக்குது கண்ணு. உம் புள்ளைக்கும் இருக்குது. எம் மொகத்தைப் பாத்துப் பேசுங்க, ஒரு வார்த்தை உடாமப் புரிஞ்சுக்கறேன். இத்தனை வருசம் அப்படித்தான பொழைச்சேன்? பாட்டுக்கு உதடு ஏது? கிடாரு வாயத் தொறந்து காட்டுமா?”

அந்தப் பெண் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, “பாட்டைப் போடுங்கம்மா, பாத்துப் பாத்து வைக்கலாம்” என்றாள். அந்தக் கச்சேரியை அங்கே போடவில்லை, அதை வீட்டில்தான் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன். ஆர்கன் வரும் வேறு ஒரு பாட்டைப் போட்டு, இங்கே தேய்கிறது, இங்கே கிறீச்சிடுகிறது என்று சொல்லச் சொல்ல அவள் திருத்தினாள். கடைசியில் ஒன்றை மறைக்காமல் சொன்னாள். உச்சத்தில் இருக்கிற மெல்லிய சத்தங்களைக் கேட்கிற நரம்பு எனக்குச் செத்துவிட்டது, டிரம்ஸோடு இருக்கும் பித்தளைத் தட்டு சிலிர்க்கிற சத்தமெல்லாம் எந்த மிஷினாலும் இனி வராது. பிறகு, “போனது போவட்டும் கண்ணு. இருக்கறதைக் குடு” என்றேன். திரும்பி வரும் பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு ஊர் வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை. அன்றைக்கே கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து அமாவாசை. அமாவாசைக்கு எங்கள் ஊரில் தறி ஓடாது. சாமி கும்பிட்டு, சாப்பிட்டு முடித்ததும், பட்டறையில் நின்றுகிடந்த தறிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மிஷினை மாட்டினேன். கணவர் வாங்கி வைத்திருந்த சின்ன ஸ்பீக்கரில் கச்சேரியைப் போட்டேன். ஆரம்பத்திலிருந்தே போட்டேன், குறுக்கு வழியில் போக எனக்கு மனமில்லை. கிடார் ஏற ஆரம்பித்தது. சுரங்கள் தேயவில்லை, நின்றன. தட்டுச் சத்தம் இல்லைதான். ஆனால் கீழே தாங்குகிற அந்த இரண்டாவது கிடார், நான் எத்தனையோ வருடமாகக் கேட்காதது, திரும்பி வந்துவிட்டது. ‘டக்’ என்று நிற்கிற இடமும் வந்தது. நிற்காமல் கடந்து போனது.

அப்போதுதான் கணவர் தன் போனைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குள் வந்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். வீடியோ கால். அதில் மகள், மடியில் பேத்தி. சேலத்திலிருந்து திரும்பியதற்குப் பிறகு அவள் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. இத்தனை நாள் தோளில் போனை இடுக்கிப் பேசியவள், இன்றைக்கு நேராக உட்கார்ந்து, உதடு நன்றாகத் தெரிகிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளங்கையைக் காட்டினேன். தறியை நிறுத்து என்று சொல்ல நாங்கள் அப்படித்தான் காட்டுவோம். கணவர் போனை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். மகள் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அவள் கட் பண்ணவில்லை.

பதினொரு நிமிடம். அந்தக் கிடார் உச்சிக்குப் போகவே இல்லை. ஒரு படி கீழேயே நின்று, யோசித்து, இறங்க ஆரம்பித்தது. ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். ஒரு டிரம்ஸ் நின்றது. கூட்டமும் வாயை மூடிக்கொண்டது. ஒற்றைக் கிடார் மட்டும் இன்னும் கீழே, இன்னும் மெதுவாக, யாருக்கும் எதையும் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை என்கிற மாதிரி இறங்கி வந்து நின்றது. நான் கட்டிய முடிவு அத்தனையும் தப்பு. என் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

போனில் மகளின் உதடு அசைந்தது. என்னம்மா ஆச்சு என்றாள்.

“ஏறும் ஏறும்னு இத்தனை வருசம் நெனச்சுக்கிட்டிருந்தேன் சாமி. எறங்குது.”

அவள் குழந்தையை மடியில் நகர்த்திவிட்டு முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள். “நல்லா இருந்துதா?” என்றாள். ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.

“தெரியல. இன்னொருக்காக் கேக்கணும். நீ அப்பறமாக் கூப்புடு” என்றேன்.